பதினைந்து நாள் முடிந்த பிறகு

அரசியல் பேசும் இந்தப் பக்கத்தில் இதய நோயைப் பற்றி எழுதுவானேன் என்று கேட்கத் தோன்றும். கேட்பதிலே தவறில்லை. மருத்துவம் மருத்துவருக்கு, அரசியல் அரசியலாருக்கு என்று இடையே வேலி கட்டிப் பார்ப்பது நமக்குப் பழக்கமாகிவிட்டது. ஆனால், தோழர்களே, மருத்துவமனையிலிருந்து மூச்சுத் தெளிந்து வீடு திரும்பும் ஒரு முதியவரை அதற்குமேல் எத்தனை நாள் கவனிப்பது என்பதை முடிவு செய்கிறவர் யார்? மருத்துவரா? அல்ல. அந்த எண்ணிக்கை அரசாங்கத்தின் விதியிலே அச்சிடப்பட்டிருக்கிறது. பதினைந்து நாள்! 2018 செப்டம்பரில் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டம், குடும்பம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் செலவை ஏற்கிறது. வீடு திரும்பிய பின் 15 நாள் வரை ஆகும் செலவையும் ஏற்கிறது. பதினாறாம் நாள் கதவை அடைத்துக்கொள்கிறது. வெளிநோயாளர் சிகிச்சைக்கு அதிலே இடமில்லை.

கண்புரையை நீக்கிக்கொண்டவருக்கு அந்தப் பதினைந்து நாள் போதுமானதாக இருக்கலாம். இதயம் தளர்ந்தவருக்குப் போதாது, போதவே போதாது. ஏன் என்பதைத்தான் இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம்.

'இதயச் செயலிழப்பு' என்று இந்த நோய்க்குப் பெயர் சூட்டியிருக்கிறார்கள். ஆங்கிலச் சொல்லை அப்படியே இறக்கிவைத்ததால் வந்த வினை இது. கேட்டவர், இதயம் நின்றே போய்விட்டது என்று எண்ணி அலறுகிறார். நிற்கவில்லை, தளர்ந்திருக்கிறது. இதயத் தளர்ச்சி என்பதே பொருத்தமான பெயர். நாம் அப்படியே அழைப்போம். மாரடைப்பிலே தசையின் ஒரு பகுதி மாண்டுபோயிருக்கலாம். இரத்த அழுத்தம் ஆண்டுக்கணக்கில் அடக்கப்படாமல் இருந்திருக்கலாம். இளமையில் வந்த வாதக் காய்ச்சல் வால்வுகளைச் சிதைத்திருக்கலாம். காரணம் எதுவாயினும், உடலுக்கு வேண்டிய அளவு இரத்தத்தை இறைக்க மாட்டாமல் இதயம் சோர்கிறது. இறைப்புக் குறைந்தால் நீர் தேங்கும். கால் வீங்கும், நுரையீரலிலே நீர் கோக்கும், படுத்தால் மூச்சு முட்டும், தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடி விடியலை எதிர்பார்த்துக் கிடப்பார் நோயாளி. மருத்துவமனையில் சேர்த்து, ஊசி மூலம் நீரை வெளியேற்றினால் சில நாளில் முகம் தெளியும், வீட்டுக்கு அனுப்புவார்கள். சில வாரங்கள் செல்லும். மீண்டும் அதே வீக்கம், அதே திணறல், அதே மருத்துவமனை வாயில்.

மருத்துவ வசதியிலே முன்னணியில் நிற்பது கேரளம் என்று எல்லோரும் ஒப்புகிறோம். அங்கே திருவனந்தபுரம் மாவட்டத்தில், 2013ஆம் ஆண்டில், 18 மருத்துவமனைகளில் இதயத் தளர்ச்சியோடு சேர்ந்த 1,205 பேரைப் பதிவு செய்து, அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று தொடர்ந்து பார்த்தார்கள். சராசரி வயது 61. மேலை நாடுகளிலே எழுபதைக் கடந்தவர்களை வாட்டும் நோய், நம் நாட்டில் அறுபதிலேயே பிடித்துக்கொள்கிறது. ஐந்தாண்டு முடிவில், நூற்றுக்கு 59 பேர் உயிரோடில்லை. வேறு பல புற்றுநோய்களைவிடக் கொடிய கணக்கு இது. அதே பதிவேடு இன்னொன்றையும் காட்டிற்று. இதயத் தசை தளர்ந்தவர்களுள், முறைப்படி தரவேண்டிய மருந்துகளோடு வீடு திரும்பியவர்கள் கால் பங்கினர் மட்டுமே.

இந்த நோய்க்கு மருந்தல்லாத புதிய முறைகள் வந்துவிட்டன என்று இப்போது ஒரு முழக்கம் கேட்கிறது. வந்திருப்பது உண்மை. ஆனால் அந்தச் சொற்றொடரை இருவர் இரு விதமாகத் திரிக்கிறார்கள். ஒருவர், மாத்திரையைத் தூக்கி எறியச் சொல்லும் உபதேசி. முன்பு திண்ணைக்குத் திண்ணை நடந்த அவர் உபதேசம், இன்று கைப்பேசிக்குக் கைப்பேசி நடக்கிறது. அவர் சொல் கேட்டு மருந்தை நிறுத்தியவர்கள், விரைவிலேயே மூச்சுத் திணறி மருத்துவமனைக்கு ஓடுகிறார்கள். மற்றவர், கருவி விற்பவர். மருந்தல்லாதது என்றாலே பல லட்ச ரூபாய்ப் பெட்டி ஒன்றுதான் என்று நம்மை நம்பவைப்பது அவர் தொழில். மருந்தோடு சேர்த்துச் செய்ய வேண்டிய துணை முறைகளே இவை யாவும். மருந்துக்கு மாற்று அல்ல. அவற்றுள்ளும் சில முறைகளுக்கு விற்பனையாளரே கிடையாது. விளம்பரம் செய்ய ஆளில்லாத காரணத்தால் அவை கேட்பாரற்றுக் கிடக்கின்றன. ஆகவே அவற்றை முதலில் சொல்வோம்.

இதயம் தளர்ந்தவர் அசையக் கூடாது என்பதே நெடுங்காலம் மருத்துவ நெறியாக இருந்தது. 1960களில், அமெரிக்காவின் நியூ ஆர்லியன்சு நகரில், ஜார்ஜ் பர்ச் என்னும் புகழ்பெற்ற மருத்துவர், இதயம் விரிந்துபோன நோயாளிகளை மாதக்கணக்கில் படுக்கையிலேயே வைத்து மருத்துவம் செய்தார். அன்றிருந்த மருந்துகளை எண்ணிப் பார்த்தால் அவரைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால், படுத்த உடலிலே கால் தசை கரைகிறது. நாலடி நடந்தால் மூச்சு வாங்குவதற்கு, தளர்ந்த இதயத்தோடு மெலிந்துபோன காலும் காரணம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. 2009இல் வெளிவந்த ஒரு பெருஞ்சோதனையில், அமெரிக்கா, கனடா, பிரான்சு ஆகிய நாடுகளைச் சேர்ந்த 2,331 நோயாளிகள் பங்கு கொண்டார்கள். பாதிப் பேருக்கு மேற்பார்வையில் 36 முறை பயிற்சி. பிறகு வீட்டிலேயே நடையோ மிதிவண்டியோ. ஏறத்தாழ இரண்டரை ஆண்டு கழித்துக் கணக்கெடுத்தபோது, இறந்தவர்களும் மருத்துவமனையில் சேர்ந்தவர்களுமாக, பயிற்சிப் பிரிவில் நூற்றுக்கு 65 பேர். மற்றப் பிரிவில் 68 பேர். வேறுபாடு சிறிதுதான். அதைப் பெரிதாக்கிக் காட்ட நமக்கு விருப்பமில்லை. ஆயினும், பயிற்சியால் தீங்கு விளையாது என்பது உறுதியாயிற்று. தம் வாழ்வு பற்றி நோயாளிகளே தந்த மதிப்பீடும் உயர்ந்தது. 2014இல், அமெரிக்க அரசின் முதியோர் காப்பீடு இந்தப் பயிற்சிக்குப் பணம் தர முன்வந்தது. (பயிற்சி என்றவுடன் நாளைக் காலையிலேயே ஓடத் தொடங்கிவிடாதீர்கள். வீக்கமும் திணறலும் அடங்கிய பின், மருத்துவர் சோதித்து அளவு சொன்ன பின் செய்ய வேண்டியது அது.)

அடுத்தது, நமக்கு மிகவும் வேண்டிய செய்தி. அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரில், எழுபது வயது நிரம்பிய 282 இதயத் தளர்ச்சி நோயாளிகளை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான மருத்துவம். இன்னொரு பிரிவுக்கு என்ன அதிகம் செய்தார்கள்? புதிய மருந்தா? இல்லை. அறுவையா? இல்லை. அனுபவம் மிக்க ஒரு செவிலியர் படுக்கையருகே அமர்ந்து, இந்த நோய் என்ன, எந்த மாத்திரை எதற்கு, ஏன் நாள்தோறும் எடை பார்க்க வேண்டும் என்று சிறு நூல் ஒன்றை வைத்துக்கொண்டு விளக்கினார். உணவு வல்லுநர் ஒருவர் என்ன உண்ணலாம் என்று வகுத்துக் கொடுத்தார். தேவையற்ற மாத்திரைகளை மருத்துவர் களைந்தார். வீடு திரும்பியதும், தேடிச் சென்று பார்த்தார்கள். தொலைபேசியில் அழைத்துக் கேட்டார்கள். இவ்வளவுதான்! தொண்ணூறு நாள் கழித்து எண்ணினார்கள். இதயத் தளர்ச்சியால் மீண்டும் மருத்துவமனை வந்த தடவைகள், வழக்கமான பிரிவில் 54. செவிலியர் கவனித்த பிரிவில் 24. பாதிக்கும் குறைவு. செவிலியர் ஊதியம் முதலிய அனைத்தையும் சேர்த்த பிறகும், நோயாளி ஒருவருக்கு ஆன செலவு 460 டாலர் குறைந்திருந்தது. இது வெளியான ஆண்டு 1995.

எடை பார்ப்பதில் அப்படி என்ன இருக்கிறது என்பீர்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சோற்றால் ஏறிய எடையன்று, உடலிலே தேங்கிய நீர். கால் வீங்குமுன், மூச்சுத் திணறுமுன், எடைக்கருவி சொல்லிவிடும். அன்றே நீர்போக்கும் மாத்திரையைக் கூட்டிவிட்டால் மருத்துவமனை தேவைப்படாமலே போகலாம். அந்த எண்ணைப் பார்த்து, "இன்று வாருங்கள்" என்று சொல்ல ஒருவர் வேண்டும்.

உப்பைப் பற்றியும் ஒரு சொல். ஆறு நாடுகளில் 806 பேரிடம் நடத்தி 2022இல் வெளியிட்ட சோதனையில், சோடியத்தை நாளொன்றுக்கு 1,500 மில்லிகிராமுக்குக் கீழே இறக்க முயன்றும், சாவோ மருத்துவமனை வருகையோ குறையவில்லை. அதற்காக ஊறுகாய்ச் சாடியைத் திறந்துவிடச் சொல்லவில்லை. ஓரளவு கட்டுப்பாட்டோடு உண்டவர்களை மேலும் இறுக்கிப் பிடித்ததால் ஆயுள் கூடவில்லை என்பதே முடிவு. வீட்டுப் பெண்களை உப்புக்காக ஓயாமல் வைதுகொண்டிருக்கும் ஆடவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

செவிலியர் செய்த வேலையை எந்திரம் செய்துவிடாதா என்று கேட்டவர்களும் உண்டு. செய்து பார்த்தார்கள். அமெரிக்காவில் 1,653 நோயாளிகளிடம் நடத்தி, 2010இல் முடிவு சொன்னார்கள். நாள்தோறும் நோயாளி ஓர் எண்ணுக்கு அழைக்க வேண்டும். பதிவு செய்யப்பட்ட குரல் கேள்வி கேட்கும். எண்ணை அழுத்தி விடை சொல்ல வேண்டும். பயன்? ஒன்றுமில்லை. ஏழில் ஒருவர் ஒருமுறைகூட அழைக்கவில்லை. நாள் செல்லச் செல்ல மற்றவர்களும் சலித்துப்போனார்கள். 2018இல் செருமனியிலிருந்து வேறொரு முடிவு வந்தது. பெர்லின் நகரின் சாரிட்டே மருத்துவமனை முன்னின்று நடத்திய அந்தச் சோதனையில் 1,571 பேர். எடை, இரத்த அழுத்தம், இதயத் துடிப்பின் வரைபடம் ஆகியவற்றை நோயாளி வீட்டிலிருந்தே அனுப்புவார். மறுமுனையிலே, இரவும் பகலும், மருத்துவரும் செவிலியரும் விழித்திருந்தார்கள். நூறு பேரை ஓராண்டு கவனித்தால், வழக்கமான பிரிவில் 11.3 பேர் இறந்தார்கள். இந்தப் பிரிவில் 7.9 பேர். தொலைபேசிக் கம்பி இரண்டு நாட்டிலும் ஒன்றுதான். மறுமுனையில் உட்கார்ந்திருந்தது யார் என்பதில்தான் வேறுபாடு.

அதன்பின் செருமனி என்ன செய்தது? பாராட்டுக் கூட்டம் நடத்திவிட்டு ஓய்ந்துபோகவில்லை. எந்தச் சிகிச்சைக்குப் பொதுக் காப்பீடு பணம் தரவேண்டும் என்று தீர்மானிக்கும் குழு அங்கே ஒன்று உண்டு. அந்தக் குழு 2020 டிசம்பரில், இந்தத் தொலைக் கண்காணிப்பைக் காப்பீட்டுக்கு உட்பட்ட சிகிச்சையாக ஏற்றது. நகரத்தில் இதய மருத்துவர் வீட்டருகே இருப்பவருக்கும், பிராண்டன்பர்க் மாநிலத்துச் சிற்றூரில் பல கல் தொலைவில் வாழ்பவருக்கும் ஒரே உரிமை. ஆராய்ச்சி முடிந்து இரண்டே ஆண்டில் அது விதியாயிற்று. செயின்ட் லூயி முடிவு வந்து முப்பதாண்டு கடந்தும் நாம் பதினைந்து நாளிலேயே நிற்கிறோம்.

கருவிகளை நாம் வெறுக்கிறோம் என்று எண்ணிவிட வேண்டாம். நல்ல கருவி நல்லதுதான். தளர்ந்த இதயங்கள் சிலவற்றில், மின்தூண்டலைக் கொண்டுசெல்லும் இடப்பக்கக் கிளை பழுதுபட்டிருக்கும். வலப்பக்கம் முதலில் சுருங்கும். இடப்பக்கம் பிந்திச் சுருங்கும். ஒரே நுகத்தில் பூட்டிய காளைகளில் ஒன்று முன்னே இழுக்க, மற்றது பின்னே தயங்கினால் ஏர் எப்படி நகரும்? இரு பக்கத்தையும் ஒரே நேரத்தில் தூண்டிவிடும் பேஸ்மேக்கரைப் பொருத்தினார்கள். ஐரோப்பாவில் 813 பேரிடம் நடத்தி 2005இல் வெளியிட்ட சோதனையில், மருந்து மட்டும் பெற்றவர்களுள் நூற்றுக்கு 30 பேரும், கருவியும் பெற்றவர்களுள் நூற்றுக்கு 20 பேரும் இறந்திருந்தார்கள். நூற்றுக்குப் பத்து உயிர்! ஆனால் அந்தக் கருவி சாதாரண பேஸ்மேக்கரைக் காட்டிலும் விலை மிகுந்தது. இடப்பக்கத்துக்கென ஒரு கம்பியை இதயத்தின் சிரை வழியே செலுத்துவதும் எளிதன்று.

2017இல், சீனத்தின் வென்சோ நகரைச் சேர்ந்த ஹுவாங் வெய்சியான் என்னும் மருத்துவரும் அவர் தோழர்களும் வேறு வழி காட்டினார்கள். இதயத்தின் நடுச்சுவருக்குள் கம்பியை ஆழத் திருகி, பழுதுபட்ட இடத்தைத் தாண்டி, அந்த இடக்கிளையையே நேராகத் தூண்டினார்கள். இயற்கை போட்டுவைத்த பாதையிலேயே துடிப்புச் சென்றது; இரு பக்கமும் இசைந்து சுருங்கின. இதற்கு வழக்கமான பேஸ்மேக்கரே போதும். பழைய முறைக்குச் சேர்ந்திருக்கும் நீண்டகாலச் சான்று, புதியதற்கு இனித்தான் சேர வேண்டும் என்பதையும் மறைக்காமல் சொல்கிறோம். ஆயினும், விலையுயர்ந்த கருவியை வாங்க இயலாத நாடு ஒன்று, தன் அரசு மருத்துவக் கல்லூரிகளில் விரைந்து பயிற்றுவிக்க வேண்டிய கலை எதுவென்று கேட்டால், இதைச் சொல்லத் தயங்க மாட்டோம்.

இதயத்துக்கு உதவியாகப் பொருத்தும் எந்திர இறைப்பானும் வளர்ந்திருக்கிறது. 2001இல் வெளிவந்த முதற் பெருஞ்சோதனையில், 129 கடும் நோயாளிகளுள், இறைப்பான் பெற்றவர்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டோர் ஓராண்டு வாழ்ந்தார்கள். இரண்டாம் ஆண்டு முடிவில் எஞ்சியவர்கள் கால் பங்குக்கும் குறைவு. இன்றைய இறைப்பானைப் பெற்றவர்களில், ஐந்தாண்டு முடிவிலும் பாதிக்கு மேற்பட்டோர் வாழ்கிறார்கள் என்று 2022இல் வந்த கணக்கு சொல்கிறது. அரிய சாதனை. எளியவர் வீட்டையும் நிலத்தையும் விற்றாலும் எட்டாத சாதனை.

எல்லாக் கருவியும் அப்படி வாழவைப்பதில்லை. உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் இதயத் தளர்ச்சி நோயாளிகளுக்கு, முகமூடி வழியே காற்றைச் செலுத்தி மூச்சைச் சீராக்கும் எந்திரம் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். மூச்சு சீராயிற்று. நன்மைதானே விளையும் என்று எவரும் எண்ணுவர். 1,325 பேரிடம் சோதித்து 2015இல் எண்ணிப் பார்த்தபோது, எந்திரம் பெற்றவர்களிடத்தில் இதய நோய்ச் சாவு கூடியிருந்தது! சோதனை நடந்திராவிட்டால், அந்த எந்திரத்தை வாங்கி வைக்காத மருத்துவமனையை நாமே ஏசியிருப்போம். ஒழுகும் வால்வைக் கவ்விச் சேர்க்கும் கருவியைப் பற்றி 2018ஆம் ஆண்டு ஒன்றிலேயே இரு சோதனைகள் வந்தன. அமெரிக்காவில் நடந்தது பெரும் பயன் என்றது. பிரான்சில் நடந்தது பயனில்லை என்றது. நோயாளிகளைத் தேர்ந்த விதமே வேறுபாட்டுக்குக் காரணம் என்று பலரும் கருதுகிறார்கள். யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்று சொல்லக்கூடியவர், விற்பனைப் பங்கு பெறாத மருத்துவராக இருக்க வேண்டும் என்பதற்கு வேறு சான்று தேட வேண்டியதில்லை.

விலையைக் கட்டுப்படுத்த முடியாது, சந்தை ஓடிவிடும் என்பார்கள் சிலர். 2017 பிப்ரவரியில், இரத்தக் குழாயை விரித்து நிறுத்தும் ஸ்டென்ட்டுக்கு இந்திய அரசு உச்சவிலை விதித்தது. மருந்து பூசியதற்கு 29,600 ரூபாய். பூசாததற்கு 7,260 ரூபாய். அதுவரை லட்ச ரூபாய்க்கும் மேலே விற்ற பொருள் அது! வானம் இடிந்து விழுந்ததா? ஸ்டென்ட் பொருத்துவது நின்றுவிட்டதா? அந்த உச்சவிலை, இதயத்தின் இரு பக்கத்தையும் இசைவிக்கும் கருவிக்கு அன்று விதிக்கப்படவில்லை. 2020 ஏப்ரலிலே மருத்துவக் கருவிகள் அனைத்தும் சட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டன. ஆனால் கிடைத்த பாதுகாப்பு, ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்துக்கு மேல் விலையை ஏற்றக் கூடாது என்பதே. தொடக்க விலையே கழுத்தை நெரிக்கும்போது, ஏற்றத்துக்கு மட்டும் வரம்பு கட்டி என்ன பயன்?

செவிலியரை வீட்டுக்கு அனுப்புவது ஏழை நாட்டுக்கு ஆகிற காரியமா என்று கேட்கிறார்கள். தமிழ்நாட்டைப் பார்த்துவிட்டுக் கேட்கட்டும். 2021 ஆகஸ்டு 5ஆம் நாள், கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், ஊர்ப் பெண்களே தன்னார்வலர்களாக, இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரைகளை வீடு வீடாகக் கொண்டு சென்றார்கள். இயன்முறைப் பயிற்சி தருவோரும் இல்லம் தேடிச் சென்றார்கள். செயின்ட் லூயியில் செய்ததற்கு இதைவிட நெருக்கமான ஏற்பாட்டை எங்கே போய்த் தேடுவது? இதயத் தளர்ச்சியோடு வீடு திரும்பியவர் பெயரை மருத்துவமனை அந்த ஊர்ப் பணியாளருக்கு அனுப்ப வேண்டும். அவர் கையில் ஓர் எடைக்கருவி வேண்டும். எடை ஏறினால் அழைத்துச் சொல்ல, மாவட்ட மருத்துவமனையில் பொறுப்பான செவிலியர் ஒருவர் வேண்டும். அந்தச் செவிலியருக்கு நிலையான பணியும் ஊதியமும் வேண்டும். தொகுப்பூதியத்தில் ஆறு மாதத்துக்கு ஒருவராக மாற்றிக்கொண்டிருந்தால் நோயாளியை அறிந்தவர் எவரும் எஞ்ச மாட்டார்.

அமெரிக்கக் கணக்கு இங்கே பொருந்தாது என்று நிதித் துறையினர் சொல்லக்கூடும். அங்கே படுக்கையின் விலையும் வேறு, ஊதியமும் வேறு என்பது மெய். அப்படியானால் இரண்டு மாவட்டங்களில் ஓராண்டு செய்து பார்த்து, மீண்டும் மருத்துவமனைக்கு வந்தவர்கள் எத்தனை பேர், காப்பீட்டிலிருந்து போன பணம் எவ்வளவு என்று கணக்கை மக்கள் முன் வைக்கட்டும்.

2024 அக்டோபரில், எழுபது வயது நிரம்பிய அனைவரையும், வருமானம் பாராமல், ஆயுஷ்மான் திட்டத்தில் சேர்த்தார்கள். செயின்ட் லூயியில் அந்தச் செவிலியர் கவனித்தவர்களும் எழுபது நிரம்பியவர்களே. அவர்களுக்குத் தேவைப்பட்டது தொண்ணூறு நாள். வரவு செலவுத் திட்டம் நாடாளுமன்றத்துக்கு வரும்போது, நம் உறுப்பினர்கள் எழுந்து கேட்க வேண்டியது இதுதான்: இதயத் தளர்ச்சி நோயாளிக்கு விதியிலுள்ள 15ஐ 90 ஆக்குவீர்களா? அந்தத் தொண்ணூறு நாளுக்குள் செவிலியர் வருகையையும் மேற்பார்வைப் பயிற்சியையும் சேர்ப்பீர்களா? சேர்ப்பதாயின், எந்தத் தேதியிலிருந்து?